ஓவர்கோட்டில் என்ன ஓவர்?

ஜூலை 19, இரவு 9.40

ட்யூஷனுக்கு வரும் ஏழாம் வகுப்புப் பையன் இன்று என்னை மடக்கிவிட்டான். அப்படியே போடுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

'ஓவர் என்ற முன்னொட்டு அளவு மீறுவதைக் குறிக்கும். பத்துச் சொல் எழுதுக.' இதுதான் வீட்டுப்பாடம். ஓவர்லோடு, ஓவர்டோஸ், ஓவர்ஈட், ஓவர்ஆக்ட், ஓவர்வெயிட், ஓவர்டைம் என்று ஆறை நானே சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் மீதி நாலையும் நிரப்பி வைத்திருக்கிறான்: ஓவர்கோட், ஓவர்பிரிட்ஜ், ஓவர்ஹெட் டேங்க், ஓவர்டேக். அடிக்கப் பேனாவை எடுத்தேன்.

"ஏன் டீச்சர் தப்பு? ஓவர்கோட்னா அளவுக்கு மீறி கோட்டு போட்டுக்கிறது. ஓவர்பிரிட்ஜ்னா தேவைக்கு மேல பாலம் கட்டிப்புட்டாங்க. ஓவர்ஹெட்னா தலைக்கனம்."

திண்ணையில் இருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் 'ஏன் தப்பு' என்பதற்கு என்னிடம் ஒரு வரிப் பதில் இல்லை. சமாளித்துச் சொன்னது இது: ஓவர் ரெண்டு வகை. ஒன்று 'மேலே', இன்னொன்று 'அளவுக்கு மேலே'. சொல்லுக்கு முன்னால் 'அளவுக்கு மீறி' என்று போட்டுப் பார், பொருள் நின்றால் இந்தப் பட்டியல், நிற்காவிட்டால் அந்தப் பட்டியல். அளவுக்கு மீறிச் சாப்பிட்டான், சரி. அளவுக்கு மீறிய கோட்டு, சரியில்லை. ரெண்டுக்கும் எழுத்து ஒன்று, சொல் வேறு.

இதில் ஓட்டை இருந்தால் காட்டுங்கள். ட்யூஷன் நடத்தி 14 வருஷம் ஆகிறது, ஒருத்தன்கூட இதைக் கேட்டதில்லை.


ஜூலை 19, இரவு 11.15

ஓட்டை வீட்டிலேயே இருந்தது. அப்பா.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். தெரியாதவர்களுக்கு: ஆற்று மதகில் ஷட்டரை ஏற்றி இறக்குகிறவர்தான் லஸ்கர். பாதி வேலைக்காலம் கல்லணையில், மீதி திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றி. இங்கிலீஷ் படித்தவர் இல்லை, ஆனால் ஆற்று இங்கிலீஷ் முழுக்கத் தெரியும். ஷட்டர், ரெகுலேட்டர், டிஸ்சார்ஜ், கியூசெக்ஸ், சர்ப்ளஸ்.

சாப்பிடும்போது கதையைச் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "அப்ப ஓவர்ஃப்ளோ எதுல சேத்தி?"

மேலே வழிகிறது, ஆகவே முதல் வகை. கொள்ளளவு மீறித்தான் வழிகிறது, ஆகவே ரெண்டாவது வகை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "கரைக்கு மேல வந்தாத்தானம்மா அளவு மீறுனது தெரியும்? கரைக்குள்ள எவ்ளோ ஓடுனாலும் அது ஆத்துத் தண்ணி."

மேலே எழுதிய 'சொல் வேறு' என்பதை வாபஸ் வாங்குகிறேன். சொல் ஒன்றுதான். விளிம்புக்கு மேலே என்பதுதான் அளவுக்கு மேலே என்று ஆகியிருக்கிறது. நடுவில் பாலமாக நிற்பது ஓவர்ஃப்ளோ. தாத்தா களத்தில் நெல் அளப்பது சின்ன வயசு ஞாபகம். 'ஒண்ணு' என்று ஆரம்பிக்க மாட்டார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அளக்கிற பாத்திரம்தான் மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். விளிம்போடு கையால் வழித்துவிட்டால் தலைதட்டிய அளவு. வழிக்காமல் கோபுரம் மாதிரி குவித்தால், விளிம்புக்கு மேலே நிற்பதெல்லாம் வாங்குகிறவனுக்குக் கூடுதல். மேலே என்பதும் கூடுதல் என்பதும் அந்த மரக்கால் வாயில் ஒரே இடம்.

பையனின் ஓவர்கோட் அப்படியும் தப்புதான். ஆனால் நான் நினைத்த அளவு தப்பில்லை.


ஜூலை 20, காலை 7.05

'ஓவர்சியர் எந்த வகை' என்று கேட்டவருக்கு: மேலிருந்து பார்ப்பவர். அளவுக்கு மீறிப் பார்ப்பவர் இல்லை. (அப்பாவின் கருத்து வேறு. "எல்லா ஓவர்சியரையும் அப்படிச் சொல்லிற முடியாது" என்கிறார்.)

சூப்பர்வைசரும் அதேதான், அச்சு அசல். லத்தீனில் சூப்பர் என்றால் மேலே, மீதி பார்ப்பது. நம் மேற்பார்வையாளரும் அதே அச்சு. மூன்று பாஷையிலும் ஏணி போட்டு மேலே ஏறி நின்று வேலை வாங்குகிறார்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கு இன்டர்வியூ போனேன், பேர் வேண்டாம். 'மதிய இடைவேளையில் என்ன பொறுப்பு எடுத்துக்கொள்வீர்கள்' என்று இங்கிலீஷில் கேட்டார்கள். பிள்ளைகளை ஓவர்லுக் பண்ணுவேன் என்றேன். மேற்பார்வை என்று நினைத்துச் சொன்னது. எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். ஓரத்தில் இருந்த அம்மா மட்டும், "அதெல்லாம் இங்க ஏற்கெனவே நல்லா நடக்குது" என்றார். சிரிப்பு. எனக்குப் புரியவில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன். பஸ் பூதலூர் தாண்டும்போதுதான் புரிந்தது. கண்டும் காணாமல் விட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்! வேலை கிடைக்கவில்லை. அதனால்தானா என்று கேட்டால் இன்றும் தெரியாது.

பிறகு அகராதி பார்த்தேன். ஓவர்லுக்குக்கு ரெண்டு பொருளும் உண்டு. மேலிருந்து பார்ப்பது, பார்க்காமல் தாண்டிப் போவது. ஓவர்சைட்டுக்கும் அப்படியே. ஒரு பொருளில் கண்காணிப்பு, இன்னொன்றில் கவனக்குறைவு. ஒரே சொல் வேலையையும் செய்கிறது, அந்த வேலையில் தூங்கவும் செய்கிறது. அந்த மூன்று பேருக்கு இது தெரிந்திருந்தால் என்னைக் கொஞ்சமாவது... சரி விடுங்கள், 20 வருஷம் ஆச்சு.


ஜூலை 20, மதியம்

கிரிக்கெட் ஓவர்? ஆறு பந்து அளவா, அளவு மீறியதா என்று கேலி பண்ணியிருக்கிறார் ஒருவர். அது 'முடிந்தது, மாறு' என்று அம்பயர் குரல் கொடுத்த ஓவர். இங்கிலாந்தில் முன்பு 4 பந்துதான், 1889-இல் 5 ஆக்கினார்கள், 1900-இல் 6. கேம் ஓவர், மேட்ச் ஓவர் எல்லாம் இந்தக் கிளை. இங்கே பேச வேண்டாம், இழை ஓவராகிவிடும்.


ஜூலை 22, இரவு 10.20

இன்று தம்பி வந்திருந்தான். லாரி ஓட்டுகிறான். கொள்முதல் நிலையத்திலிருந்து கிட்டங்கிக்கு நெல், சீசன் இல்லாத நாளில் வைக்கோல். ஓவர் என்ற சொல்லோடு தினம் குடித்தனம் நடத்துகிறவன் அவன்தான். ஓவர்லோடு, ஓவர்ஹைட்டு, ஓவர்ஸ்பீடு, ஓவர்டேக், எஞ்சின் ஓவர்ஹீட்டு, ஓவர்ஹால்.

"இதுல எதெதுக்கெல்லாம் ஃபைன் உண்டு?" என்று கேட்டேன். ஓவர்ஹாலைத் தவிர எல்லாத்துக்கும் செலவு, அதுக்கு மட்டும் பெரிய செலவு என்றான்.

(ஓவர்ஹால் கப்பல்காரர்கள் சொல். கயிற்றை இழுத்துப் பிரித்துப் பார்ப்பது. அளவு மீறலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தம்பி நம்பவில்லை, பில்லைக் காட்டுகிறேன் என்கிறான்.)

ஓவர்லோடு கணக்கு இது: 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவுப்படி 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நெல் சிப்பம் ஒன்று 40 கிலோ, ஆகவே 25 சிப்பம் ஒரு டன். "இன்னும் பத்து சிப்பம்தானேண்ணே" என்று ஏற்றச் சொல்கிறவர் ஃபைன் கட்டுவதில்லை என்பது அவன் மனக்குறை. வைக்கோல் வேறு ரகம். எடை ஏறவே ஏறாது, உயரம் ஏறும். கரண்ட் கம்பி, புளியமரக் கிளை, ரயில்வே கேட்டு மூன்றையும் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு வள்ளுவர்தான் நினைவுக்கு வந்தார்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்

475-ஆவது குறள். மயிலிறகு ஏற்றிய வண்டிகூட அச்சு முறியும், அளவு மீறி ஏற்றினால். தம்பிக்குச் சொன்னேன். "அச்சு முறியாதுக்கா, அதுக்கு முன்னாடி பட்டை உடையும்" என்றான். ஸ்பிரிங் பட்டை. உரையாசிரியர்கள் யாரும் சொல்லாத விளக்கம், அனுபவம் பேசுகிறது.

என் கண் நின்றது அந்தச் 'சால'வில். மிகுத்து என்றாலே கூடுதல்தான், அதற்கு முன்னால் ஒரு சால. நன்னூல் ஒரே மூச்சில் ஆறைச் சொல்லிவிடும்: சால, உறு, தவ, நனி, கூர், கழி. தொல்காப்பியத்தில் மூன்று: 'உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள'. பள்ளியில் மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். உறுபசி, நனி சிறந்தன, கழிபெருங்காதல்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? இந்த ஆறில் எதற்கும் கண்டிக்கிற குணம் கிடையாது. கழிபெருங்காதல் என்றால் மிகப் பெரிய காதல், 'தேவைக்கு மேல் காதலிக்கிறான்' என்று பொருள் இல்லை. நனி சிறந்தது என்றால் சிறப்பு கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. உறுபசி கெட்டது, ஆனால் அது பசியின் குற்றம், உறுவின் குற்றமில்லை. ஓவர் அப்படி இல்லை. கான்ஃபிடன்ஸ் நல்லது, ஓவர் கான்ஃபிடன்ஸ் ஆளைக் கவிழ்க்கும்.

ஆக, தமிழில் 'மிக' என்பதற்கு ஆறு முன்சொல் இருக்கிறது, 'தேவைக்கு மிஞ்சி' என்பதற்கு ஒன்றுகூட இல்லை. அதற்கு வினைச்சொல்லைத்தான் கூப்பிட வேண்டும்: மிஞ்சு, மீறு, தாண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. அந்த வெற்றிடத்தில்தான் ஓவர் வந்து உட்கார்ந்துகொண்டது. என் கட்சி இதுதான்.


ஜூலை 23, காலை

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் எப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். 'ஒன்றுகூட இல்லை' என்று தம்பட்டம் அடித்தது அவசரம்.

மேல் இருக்கிறதே! மேல்வரும்படி, மேல்செலவு, மேலதிகம். 'அதுக்கு மேல பேசாத' என்றால் என்ன? ஓவரா பேசாத. நம் மேலும் இடத்திலிருந்து அளவுக்கு நகர்ந்திருக்கிறது, மரக்கால் விளிம்பு வழியாகவே.

ஓவர்லுக் விஷயத்திலும் மேல் அதே சேட்டையைப் பண்ணுகிறது. மேற்பார்வை என்றால் கவனமாகப் பார்ப்பது. மேலோட்டமாக, மேம்போக்காகப் பார்ப்பது என்றால் கவனமில்லாமல் பார்ப்பது. ஒரே மேல். இது மட்டும் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த இன்டர்வியூவில் எழுந்து நின்று ஒரு வகுப்பே எடுத்திருப்பேன்.

(எடுத்திருக்க மாட்டேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது.)


ஜூலை 25, மாலை 6.30

ஹைப்பர், சூப்பர், சர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓவரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம். ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததில் கிடைத்தது பெரிய மீன்.

ஓவர் பழைய இங்கிலீஷ் வீட்டுச் சொல். ஹைப்பர் கிரேக்கம். சூப்பர் லத்தீன். சர் என்பது அந்தச் சூப்பரே பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து வந்தது. சர்சார்ஜ், சர்ப்ளஸ். ஜெர்மனில் ஊபர், டாக்ஸி கம்பெனிக்காரர்கள் பேர் வைத்துக்கொண்டார்களே, அது. இத்தனையும் ஒரே மூலம். இது வரை எந்த அகராதியிலும் கிடைக்கும்.

அடுத்ததில்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன். சமஸ்கிருதத்தில் அந்த வீட்டுப் பிள்ளை யார் தெரியுமா? உபரி. மேலே என்று பொருள். நம்ம உபரி! ஒவ்வொரு ஆடியிலும் பேப்பரில் 'உபரி நீர் கொள்ளிடத்தில் திறப்பு' என்று வருமே, அந்த உபரி. அப்பா வாழ்நாள் முழுக்கச் சர்ப்ளஸ் சர்ப்ளஸ் என்றார். பேப்பர்க்காரர்கள் உபரி உபரி என்று எழுதினார்கள். மொழிபெயர்ப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தம்பி என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஒரே வயிற்றில் பிறந்து நம் ஊருக்குப் பிழைக்க வந்த நாலு பேர் கதியைப் பாருங்கள். சூப்பர் பாராட்டு வாங்கிவிட்டான். ஓவர் திட்டு வாங்குகிறான். ஹைப்பர் சீக்காளி: ஹைப்பர்டென்ஷன், ஹைப்பர் அசிடிட்டி. உபரிக்கு கவர்மென்ட் வேலை.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சர்ப்ளஸ்ங்கிறது மேல போறது இல்லம்மா. நமக்குத் தேவை போவ மிச்சம்" என்றார். சர்ப்ளஸில் சூப்பர் பாதி, ப்ளஸ் பாதி. மேலே பாதி, கூடுதல் பாதி. அப்பா ப்ளஸ் பக்கம் நிற்கிறார்.

அவருக்கு இன்னொரு கோபமும் உண்டு. மேட்டூரிலிருந்து வரும் வெள்ளத்தை, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பிலேயே கொள்ளிடத்துக்குத் தள்ளுகிறார்கள், வேறு வழி இல்லை, காவிரி அத்தனையும் தாங்காது. ஆனால் அதே வாரம் கடைமடையில் தண்ணி எட்டவில்லை என்று சாலை மறியல் நடக்கும். "ஒரே ஆத்துல இந்தப் பக்கம் சர்ப்ளஸ், அந்தப் பக்கம் ஷார்ட்டேஜ். என்ன இங்கிலீஷோ!" உபரி என்று கடலுக்குப் போகிறதில் ஒரு பங்கு அணைக்கரையில் பிரிந்து, வடவாறு வழியாக வீராணம் போய், மெட்ராஸ் குடிக்கிறது. ஆகவே யாருக்கு உபரி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒன்று சொன்னார். கொள்ளிடம் என்ற பேரைப் பார், கொள்ளும் இடம். வேண்டாததைத் தள்ளுகிற இடம் என்று பேர் வைக்கவில்லை, வாங்கிக்கொள்கிற இடம் என்று வைத்திருக்கிறார்கள். ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இங்கிலீஷ் இழைக்கு நடுவில் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.


ஜூலை 25, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. ஹைப்பர் என்று எழுதியதும் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. விளையாட்டாக எழுத முடியாதது.

போன வருஷம் ஒரு நாள் விடிகாலை அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவள். புடவை முதுகோடு ஒட்டியிருந்தது, கை நடுங்குகிறது, என்னைப் பார்த்து "மணி என்ன, மணி என்ன" என்று நாலு தடவை கேட்டாள். டாக்டர் எப்போதோ எழுதிக்கொடுத்த சீட்டு அலமாரியில். எடுத்துப் படித்தேன். வேர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் இன்னது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பதற்றத்தில் என் கண்ணுக்கு அது ஹைப்பர் என்று தெரிந்தது. சர்க்கரை ஏறிவிட்டது, இனிப்பு கிட்டவே போகக்கூடாது என்று தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தம்பி பெண்டாட்டிதான் மெஷினை எடுத்து விரலில் குத்தினாள். 58. "அண்ணி, இது லோ!" என்று கத்திக்கொண்டே ஓடி, டப்பாவிலிருந்து சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் அம்மா, "ஏண்டி எல்லாரும் இப்படி நிக்கிறீங்க" என்றாள்.

சீட்டில் இருந்தது ஹைப்போ. கீழே. இங்கிலீஷ் சொல்லித்தருகிறவள் நான்.

இன்றைக்கு அதையும் தேடிப் பார்த்தேன். ஹைப்போவும் ஒரே குடும்பம்தான். கிரேக்கத்தில் ஹைப்போ, ஹைப்பர். லத்தீனில் சப், சூப்பர். சமஸ்கிருதத்தில் உப, உபரி. உபநதியில் வருகிற உப. மூன்றிலும் ஜோடி ஜோடியாக, ஒரே மாதிரி முகம். சப்பும் சூப்பரும் காதுக்கு விலகிவிட்டன. உபநதி என்பதை உபரிநதி என்று யாரும் படிக்க மாட்டார்கள். ஹைப்போவும் ஹைப்பரும் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டே திரிகின்றன. அலமாரிச் சீட்டில் இப்போது சிவப்பு ஸ்கெட்ச்சில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: சர்க்கரை இறங்கினால். சர்க்கரை ஏறினால்.


ஜூலை 28

நேற்று பேசாமல் இருந்தேன், குறுவை உரம் போடுகிற வேலை. வயலில் கேட்டதை மட்டும் போடுகிறேன்.

பக்கத்து வயல் பெரியவர் வரப்பில் நின்று அவர் மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். "யூரியாவ ஓவரா போட்டு வச்சிருக்கான் பாரும்மா. பயிரு கருகருன்னு மதத்துப்போய் நிக்குது. புகையான் பூச்சி வரும், இல்லாட்டி காத்துக்குச் சாயும். ரெண்டுல ஒண்ணு."

அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஓவர்லோடு, ஓவர்டோஸ் எல்லாம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தனி ஓவர். வாலும் இல்லை, உடம்பும் இல்லை, தலை மட்டும். இங்கிலீஷ்காரன் இப்படிச் சொல்ல மாட்டான். அவனுக்கு அளவு மீறுகிற ஓவர் இன்னொரு சொல்லோடு ஒட்டித்தான் வர வேண்டும். நாம் முன்னொட்டை ஒடித்து எடுத்து, 'ஆ' சேர்த்து வினையடை ஆக்கி, வயலுக்கு அனுப்பிவிட்டோம். ஓவரா பேசுறான், ஓவரா சீன் போடுறா, சோறு ஓவரா குழைஞ்சிடுச்சு. பிறகு அதுவே பயனிலையும் ஆச்சு: இது ஓவர். புள்ளி.

22-ஆம் தேதி 'வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தது' என்று எழுதினேன் அல்லவா? உட்கார்ந்தபோது முன்னொட்டு. இப்போது அவர் வரப்பில் எழுந்து நிற்கிறது.


ஜூலை 30, இரவு 10

மேட்டூர் நிரம்பிவிட்டது. 120 அடி, 93.47 டி.எம்.சி. பதினாறு கண் மதகு திறந்தாச்சு. டிவியில் அந்த வெள்ளை நுரையைப் பார்த்தபடி அப்பா சாயங்காலம் முழுக்க எழுந்திருக்கவில்லை. 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பில் ஒரே ராத்திரி 9 ஷட்டர் போனதிலிருந்து, உபரி என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். ஓய்வு பெற்றுப் பல வருஷம், இருந்தாலும் கை ஷட்டர் சக்கரத்தைச் சுற்றுகிற மாதிரியே துடையில் அசையும்.

பையன்களும் டிவி முன்னால்தான். ஏழாம் வகுப்பு ஆசாமி சொன்னான்: "மேட்டூர் ரொம்பிடுச்சு டீச்சர்."

அவன் சொன்னது நிரம்பிடுச்சு. எங்கள் பக்கம் பேச்சில் அப்படித்தான் வரும், குடம் ரொம்பிடுச்சு, டேங்க் ரொம்பிடுச்சு. தினம் கேட்பதுதான். ஆனால் பத்து நாளாக இந்த இழையிலேயே கிடப்பதால் காது கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது போல. ரொம்ப!

ரொம்ப நல்லவன், ரொம்பத் தூரம், ரொம்பப் பசி என்கிற ரொம்ப, நிரம்பதான். விளிம்பு வரைக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறோம், ஒவ்வொரு தடவையும் ஒரு குடத்தை வாய் வரைக்கும் நிறைத்துக்கொண்டிருக்கிறோம். வழிய விடுவதில்லை. அதனால்தான் ரொம்பவில் குற்றம் இல்லை. சால, நனி, தவ வகையறாவுக்கு உயிரோடு இருக்கிற ஒரே வாரிசு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரொம்ப என்றால் 120 அடி. ஓவர் என்றால் 120-க்கு மேல் வந்தது, பதினாறு கண்ணில் போவது.

அப்படியானால் 'ரொம்ப ஓவர்' என்கிறோமே, அது என்ன? ரெண்டு பாஷையில் ஒரே அர்த்தத்தைத் திரும்பச் சொல்கிற சோம்பேறித்தனம் என்று பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன், கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். இல்லை. முதலில் நிரம்புகிறது, பிறகு வழிகிறது. வரிசை மாறாமல் சொல்கிறார்கள். 'ஓவர் ரொம்ப' என்று ஒரு பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அப்பாவிடம் இதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நம்ம ஆத்துக்கு வரதுக்கு இன்னும் நேரமிருக்குப்பா" என்றேன். தெரியும் என்றார், போனார்.


ஜூலை 31

நிரம்ப என்பதிலிருந்து ரொம்ப வந்தது உறுதியா என்று கேட்டவருக்கு: உறுதி, அகராதியிலேயே இருக்கிறது. அது வாரிசு என்றது மட்டும் என் சொந்தச் சரக்கு. அதை அடிக்கலாம்.


ஆடி 18, மதியம் 3 மணி

படித்துறையில் நிற்க இடமில்லை. காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் ஆச்சு. ஆறு இந்த வருஷம் நிஜமாகவே பெருக்கு, மேல் நாலு படி மட்டும்தான் தெரிந்தது. ட்யூஷன் லீவு, ஆனால் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள், கலந்த சாதத்துக்கு.

அம்மா எப்போதும் போல ஊருக்கே கிளறிவிட்டாள். தேங்காய் சாதம் தீர்ந்தது. எலுமிச்சை சாதம் முக்கால் தீர்ந்தது. புளியோதரை அடுக்கில் பாதி அப்படியே நிற்கிறது. "இவ்ளோ மிஞ்சிடுச்சே, யாரு தின்னு தீக்கிறது" என்று அவள் கவலைப்பட, புளியோதரை மூணு நாளைக்கு நிற்கும், நீ உட்காரு என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழாம் வகுப்பு ஆசாமி வாயில் சாதத்தோடு எழுந்து நின்றான்.

"டீச்சர், மிஞ்சுனதுக்கு இங்கிலீஷ்ல லெஃப்ட்ஓவர்தானே?"

ஆமாண்டா.

"இதுல ஓவர் பின்னாடி வருது டீச்சர். பின்னாடி வந்தா முன்னொட்டு இல்லியே. இத எந்தப் பட்டியல்ல எழுதணும்?"

அப்பா அடுக்கை மூடிவிட்டு என்னையே பார்க்கிறார்.